மூன்று ஞாயிறும் பதினைந்து நாள் லீவும்

எங்கள் ஆபீசில் லீவு கேட்பதற்கென்று ஒரு நேரம் உண்டு. சீசன் மாதங்களில் காலை ஒன்பதரை மணி. எங்கள் மேனேஜர் பாளையங்கோட்டைக்காரர். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டுத் தென்காசியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அருவியில் தண்ணீர் விழுகிற நாட்களில் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழைய குற்றாலம் போவார். அரை மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு, துவட்டியும் துவட்டாத ஈர முடியோடு ஆபீசுக்கு வருவார். அன்றைக்கு அவரிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். அருவி வறண்டு பாறை தெரிகிற மாதங்களில் அதே மனிதர் குட் மார்னிங் சொன்னாலே வள்ளென்று விழுவார். அதனால் லீவு விண்ணப்பத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் காலண்டரைப் பார்ப்பதில்லை, மேனேஜரின் தலையைத்தான் பார்ப்பார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு டிராக்டர் ஷோரூமில், உதிரிபாகக் கவுன்டரில். ஃபில்டர், ஃபேன் பெல்ட், பேரிங், ஆயில் சீல் என்று தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள். கவுன்டருக்கு இரண்டே ஆட்கள். நானும் ஓர் அக்காவும். உடன்பிறந்த அக்கா இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வடகரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவருடைய கணவர் சவூதியில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறதென்று நான் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்து கவுன்டரில் வைத்துவிடுவார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததாக ஒருநாளும் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் இல்லாவிட்டால் நான் முதல் மாதத்திலேயே வெளியே போயிருப்பேன்.

குற்றாலத்துக்குச் சீசன் என்றால் ஊர் உலகமெல்லாம் குளிக்க வருகிறது. எங்கள் கவுன்டருக்குச் சீசன் என்றால் கார் நெல் நடவு. வயலைச் சேறாக்கித் தொளி கலக்க இறங்கிய டிராக்டர்கள் தினம் ஒன்றாவது மக்கர் பண்ணும். சேற்றுக் காலோடு கவுன்டருக்கு முன்னால் வந்து நிற்கிற மனிதரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் இருந்தாக வேண்டும். ஒருவர் லீவில் இருந்தால் மற்றவர் அசைய முடியாது.

கம்பெனி எங்களுக்கு இ.எல். கொடுக்கிறது. ஈட்டிய விடுப்பு. ஒரே மூச்சில் பதினைந்து நாள் வரை எடுக்கலாம். விண்ணப்பத்தில் பெயர், பிரிவு, காரணம், தேதி என்று எல்லாக் கட்டங்களும் உண்டு. எங்கள் மேனேஜர் கேட்கிற கேள்விக்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது. பேனாவைத் திறந்துகொண்டே அவர் கேட்பார்: "கூட உள்ள ஆள்ட்ட கேட்டாச்சா?" ஆச்சு சார் என்றால் கையெழுத்து. மற்றவரைக் கூப்பிட்டு விசாரிக்கிற வழக்கமே அவரிடம் இல்லை. எங்கள் வாய்ச்சொல்லே போதும். அது அவர் எங்கள் மேல் வைத்திருந்த மரியாதை என்பது எனக்கு அந்த வயதில் உறைக்கவில்லை.

இதெல்லாம் மூன்று சீசனுக்கு முன்னால் நடந்தது. அந்த வருஷம் மே மாதக் கடைசியில், புதிதாக வந்திறங்கிய பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"தம்பி, அவுக இந்த சீசன்ல வாராக. ரெண்டு வருசம் முடியுதுல்லா. தேதி இன்னும் அங்கன முடிவாகல. முடிவானதும் நான் லீவு போடணும். நீங்க அப்பம் போட்டுராதிய, என்ன?"

"சரிக்கா. நான் எங்க போகப் போறேன்?" என்றேன்.

"சார்ட்ட இப்பம் சொல்லல. தேதி தெரியாம என்னத்தச் சொல்ல?"

தேதி தெரியாதது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை வருகிறார், அதனால் லீவு வேண்டும் என்று ஒரு பெண் எங்கள் ஆபீசில் வாய் திறந்து சொன்னால் போதும், சர்வீஸ் பிரிவில் உள்ள பயல்கள் ஒரு மாதத்துக்குச் சிரித்துக்கொண்டு திரிவார்கள். யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ கல்யாணம் என்றால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அக்காவுக்குப் பொய்க் காரணம் எழுதவும் வராது, உண்மைக் காரணம் சொல்லவும் கூச்சம். அதனால் தேதி வரட்டும் என்று பொறுத்திருந்தார். அவர் நம்பிச் சொன்ன ஒரே ஆள் நான்.

ஜூன் பாதியில் சாரல் நன்றாகப் பிடித்தது. என் கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்தார்கள். போன் குரூப்பில் ஒருவன் அருவிப் படத்தைப் போட்டு, இந்த வருஷம் போகிறோம் என்றான். மற்றவர்களும் சரி சரி என்று குதித்தார்கள். ஜூலை முதல் திங்களில் இறங்குகிறோம், ஒரு வாரமோ பத்து நாளோ, கேரளாவும் போய் வருவோம், நீ லீவு போடு என்றார்கள். "உனக்கென்னல, அருவிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு லீவு கெடைக்கலன்னு சொல்லுவியா" என்று ஒருவன் சீண்டினான். எனக்குச் சுருக்கென்றது. கையில் நாற்பது நாளுக்கு மேல் இ.எல். கிடந்தது. ஒருநாளும் நான் எனக்காகப் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் எடுத்ததில்லை.

அடுத்த நாள் காலையில் மேனேஜர் வந்தபோது அவர் முடியிலிருந்து சட்டைக் காலரில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் விபூதி. வாயில் ஏதோ முணுமுணுப்புப் பாட்டு. இதைவிட நல்ல நாள் வராது என்று அவர் உட்கார்ந்த சூட்டோடு விண்ணப்பத்தை நீட்டினேன்.

"பதினஞ்சு நாளாடே! பொண்ணு கிண்ணு பாக்கப் போறியா?"

"இல்ல சார். கூட்டாளிக வாராங்க. சும்மா ஊர் சுத்ததான்."

"போ, போ. கல்யாணம் ஆயிட்டா இதெல்லாம் நடக்காது." பேனாவைத் திறந்தார். "கூட உள்ள பிள்ளைட்ட கேட்டாச்சா? அதுக்கு ஏதும் லீவு வேணுமாமா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியானால் அந்தப் பிள்ளைக்குத் தேதி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று மேனேஜர் சொல்லியிருப்பார். ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளியிருப்பார். கூட்டாளிகளிடம் நான் கொஞ்சம் அசடு வழிந்திருப்பேன். அவ்வளவுதான் எனக்கு நஷ்டம்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல சார்," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து கவுன்டரில் உட்கார்ந்தபோது அக்கா ஒரு பெரியவருக்குப் பெல்ட் அளந்துகொண்டிருந்தார். லீவு வாங்கியதை அவரிடம் சொல்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தேதி எப்படியும் ஆகஸ்ட்டில்தான் அமையும், இரண்டும் மோதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மோதினாலும் இது என் லீவு, நான் உழைத்துச் சேர்த்தது, யாரிடமும் பிச்சை வாங்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது சமாதானம் எதற்குத் தேவைப்பட்டது என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது. அலமாரிச் சந்துக்குள் போய் நின்று பேசினார். வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. முப்பது நாள் கேட்டார்களாம், பதினாறு நாள்தான் கொடுத்திருக்கிறார்களாம், போகட்டும், அதாவது கிடைத்ததே என்றார். ஜூலை முதல் ஞாயிறு காலையில் கணவர் திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். மூன்றாவது திங்கள் சாயங்காலம் திரும்ப ஏறுகிறார். சவூதியில் உள்ள மேனேஜர் இதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

நான் தலையைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுக்கொண்டேன். அக்கா விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே பேசுவது கேட்காது, நடப்பது தெரியும். மேனேஜர் கையை விரிப்பதும், பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவதும், பிறகு என் பக்கம் கையை நீட்டுவதும் தெரிந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ சொல்லித் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மேசை மேல் கொட்டிக் கிடந்த ஆயில் சீல்களை அளவுவாரியாகப் பிரித்து வைத்தார். பிரித்ததையே மறுபடியும் பிரித்தார்.

"தம்பி, ஒங்க லீவ ஒரு பத்து நாள் தள்ளிப் போட முடியுமா?"

கேட்காமல் இருப்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம்தான், வேறென்ன.

"அவனுங்க டிக்கெட்லாம் போட்டுட்டானுங்கக்கா. இப்பம் எப்டி மாத்த?"

"சரி தம்பி," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிக்கெட் ஒருவனும் போடவில்லை. நாலு பேரும் ஒரே காரில் வருவதாகத்தான் ஏற்பாடு.

திங்கட்கிழமை அவர்கள் வந்து இறங்கினார்கள். அன்று மத்தியானம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டியது. குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவியிலும் தடை. பழைய குற்றாலத்தில் வண்டியையே உள்ளே விடவில்லை. இரண்டு நாள் லாட்ஜ் அறையில் சீட்டாடிவிட்டு, மூன்றாம் நாள் பாலருவிக்காவது போவோம் என்று ஆரியங்காவு வரை போனால் அங்கேயும் கதவைச் சாத்தியிருந்தார்கள். புரோட்டாவும் கோழியும் தின்றதோடு அவர்கள் சீசன் முடிந்தது. வியாழக்கிழமை காலையில் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. வீட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். அம்மா, ஆபீசுக்குத்தான் போயேன், எதற்கு இப்படிச் சுருண்டு கிடக்கிறாய் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் உண்மையாகவே சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டேன். போய் மேனேஜரிடம், லீவை இத்தோடு முடித்துக்கொள்கிறேன், அக்காவை அனுப்புங்கள் என்று சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் போனால் ஏன் என்று கேட்பார். கூட்டாளிகள் மூன்றே நாளில் ஓடிவிட்டார்கள் என்று சர்வீஸ் பயல்களுக்குத் தெரிந்தால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். அதற்கு மேல், அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டையைக் கழற்றிப் போட்டேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆறுவதில்லை. பொய் சொன்னது வாய் தவறிய நேரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றியதற்கு என்ன சொல்ல?

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஷோரூமுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போனேன். அந்த வழியாக வந்ததால் போனேன் என்றுதான் இதுவரைக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த வழியாக வரவேண்டிய வேலை எனக்கு ஒன்றும் இல்லை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. கடைக் கூரைக்குக் கீழே ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுக் கையில் பெண்கள் பிடிக்கிற பூப்போட்ட குடையோடு நின்றிருந்தார். நல்ல உயரம். புதுச் சட்டை. டீயை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஷோரூம் வாசலைப் பார்ப்பதும், மறுபடி ஒரு மடக்குமாக இருந்தார். யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அக்காவின் போனில் அந்த முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவருக்குத்தான் என்னைத் தெரியாது.

அவராகவே பேச்சுக் கொடுத்தார். அயல்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் பேச வேண்டும் போலிருக்கும்.

"இன்னைக்கும் ஏழு மணிக்குத்தான் விடுவாங்களா அண்ணே?"

"ஏழு, ஏழேகால் ஆவும்," என்றேன்.

"வீட்ல அங்கன வேல பாக்காக. ஒரு லீவு கூட எடுக்க முடியல. கூட வேல பாக்குத தம்பிக்கு வீட்ல ஏதோ அவசரமாம், அவரு லீவுல இருக்காராம். பாவம், அவரு சூழ்நிலை அப்பிடி. நாம என்ன சொல்ல முடியும்?" சிரித்தார். "அதாம் டெய்லி நானே கொண்டுவந்து விட்டுட்டு, சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போயிருதேன். வண்டியில போற வழியிலதான் பேச்சு."

நான் டீயை ஆற்றுகிற மாதிரி தம்ளரைச் சுழற்றினேன்.

"நீங்க எங்கன வேல பாக்கிய?"

"திருநெல்வேலில," என்றேன். அதற்குள் ஷோரூம் வாசலில் அக்கா வருவது தெரிந்தது. தம்ளரை வைத்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கச் சந்து வழியாக நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது குடை அக்காவின் தலைக்கு மேல் இருந்தது. கணவர் முழுக்க நனைந்துகொண்டு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அக்காவுக்கு என்ன அவசியம்? கூட வேலை பார்க்கிறவன் ஒரு பொய்யன், அவனால்தான் இப்படி ஆயிற்று என்று கட்டின புருஷனிடம் சொல்வதற்கு யாருக்கும் உரிமை உண்டு. அக்கா எனக்கு ஓர் அவசரத்தை உண்டாக்கிக் கொடுத்திருந்தார். பொய் எழுத வராதவர் எனக்காகச் சொன்ன பொய் அது.

பதினாறு நாளில் அக்காவுக்கு வீட்டில் இருக்கக் கிடைத்தது மூன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு ஏர்போர்ட்டுக்குப் போய்க் கணவரைக் கூட்டிக்கொண்டு வருவதிலேயே கழிந்தது. இரண்டாவது ஞாயிறு சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துகள். மூன்றாவது ஞாயிறு பெட்டி கட்டுவது. இதெல்லாம் அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வாட்ச்மேன் அண்ணாச்சி சொல்லித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அண்ணாச்சிக்குத் தெரியாமல் எங்கள் ஷோரூமில் ஈ நுழையாது.

கடைசித் திங்களன்று நடந்ததையும் அண்ணாச்சிதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் சவூதிக்குப் போகிறவரை வழியனுப்ப வீடே வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போவது வழக்கம். வடகரையிலிருந்து செங்கோட்டை வந்து அப்படியே மலை ஏறுவதுதான் வழி. அந்த வேன் செங்கோட்டையில் மலைப்பக்கம் திரும்பாமல் நேர் எதிரே தென்காசிக்கு வந்து எங்கள் ஷோரூம் வாசலில் நின்றிருக்கிறது. மேனேஜர் அக்காவுக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்.

"ஏழு நிமிசந்தான் நின்னா அந்தப் பிள்ள," என்றார் அண்ணாச்சி. "மக சன்னல் வழியா கைய நீட்டிக்கிட்டு அழுவுது. அவன் வண்டில ஏறவே மாட்டேங்கான். உள்ள ஒருத்தன் டீசல் ஃபில்டர் கேட்டு நின்னுக்கிட்டிருந்தாம்லா. இவளே பாத்து, 'ஆளு நிக்காரு, நீங்க கெளம்புங்க'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே பில் போட்டா."

மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். அக்கா எப்போதும் போல முன்னாலேயே வந்திருந்தார். ஸ்டாக் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, எது தீர்ந்திருக்கிறது, யாருக்கு என்ன வரவழைக்கச் சொல்லியிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சென்ட் பாட்டில், ஒரு தைலக் குப்பி, கைப்பிடி பேரீச்சம்பழம்.

"அவுக ஒங்களுக்குன்னு எடுத்து வச்சாக."

டீக்கடையில் பார்த்த ஆள் நான்தான் என்று அக்காவின் கணவருக்குத் தெரிந்து போயிருக்குமோ என்று பயந்தேன். இல்லை. வீட்டில் அவசரமான தம்பிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். பேரீச்சம்பழத்தை அம்மா தின்றாள். சென்ட் பாட்டில் இன்னும் என் அலமாரியில் அட்டைப் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்தார். பிறகும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவனுக்குக் கவுன்டர் வேலை மாதிரி வசதி வேறு கிடையாது.

இரண்டு வருஷம் ஓடிற்று. அந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரேயடியாக இரண்டு நாள், மூன்று நாளுக்கு மேல் லீவு போடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. போன சீசனுக்கு முன்னால், மே மாதத்தில், அக்காவின் கணவர் மறுபடி வருகிற முறை நெருங்கியபோது, பஸ் தாமதமாகி அக்கா இன்னும் வந்து சேராத ஒரு நாள் நானே மேனேஜர் அறைக்குள் போனேன். ஈரத்தலைக்குக் காத்திருக்கவில்லை. அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத, அவர் சிடுசிடுப்பின் உச்சியில் இருந்த காலம்.

"என்னடே? இந்த வெக்கைல லீவா?"

"எனக்கில்ல சார். அக்காவுக்கு. அவங்க வீட்டுக்காரர் இந்த சீசன்ல வாராரு. அவங்களா கேக்க மாட்டாங்க. முழுசா ஒரு மாசம் குடுங்க சார். நான் ஒருத்தனே பாத்துக்கிடுதேன். ஞாயித்துக்கெழம வேணும்னாலும் வாரேன்."

பேனா மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் மீதியையும் கொட்டிவிட்டேன். போன தடவை அக்கா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், நான்தான் உங்களிடம் மறைத்தேன் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"அப்பிடியா?" என்றார் மெதுவாக. "அன்னைக்கு அந்தப் பிள்ளைட்ட நான் கேட்டேன். ஏம்மா, அவன்ட்டயாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமேன்னு. 'மறந்துட்டேன் சார், எம்மேலதான் தப்பு'ன்னுல்லா சொல்லிச்சு."

கண்ணாடிக்கு உள்ளே அக்கா தலையை ஆட்டியது இதற்குத்தான்.

மேனேஜர் பேனாவை மேசையில் வைத்தார். "பதினஞ்சு நாளுக்கு மேல ஒரேயடியா குடுக்கக் கூடாது," என்றார். பிறகு, பதினைந்தும் பதினைந்துமாக இரண்டு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜூன் பாதியில் தேதி வந்தது. அக்கா எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் இந்த முறை 'கணவர் ஊருக்கு வருகிறார்' என்றே எழுதியிருந்தார். இரண்டிலும் கையெழுத்து விழுந்தது. அன்று பூரா அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்கு அருவி என்றால் பயம், அப்பா கையைப் பிடித்துக்கொண்டால் நிற்பாள் என்றார். பழைய குற்றாலத்தில் எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று மேனேஜரிடமே போய் விசாரித்துவிட்டு வந்தார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது மாதிரி இருந்தது. மீதிப் பாதியும் அந்த முப்பது நாளில் இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஒருவருக்குப் பறித்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்று நம்பிவிட்டேன்.

லீவு தொடங்க நாலு நாள் இருந்தது. காலையில் அக்கா வந்து கைப்பையை மாட்டிவிட்டு உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அவுக வரலயாம்."

"ஏன்க்கா?"

"அந்தக் கம்பெனியில வேனுக்கு ரெண்டே டிரைவருதானாம். ஒருத்தரு இருந்தா ஒருத்தரு போவணும். இன்னொருத்தரு முந்தி எழுதிக் குடுத்துட்டாராம். இவுகளுக்கு அடுத்த வருசம் பாப்போம்னுட்டாக."

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சார்ட்ட சொல்லி என் லீவக் கேன்சல் பண்ணணும்," என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "இல்லன்னா ஒண்ணு செய்ங்க தம்பி. அந்தத் தேதிய நீங்க எடுத்துக்கிடுங்க. ஆள் ஒருத்தருதான் மாறுது. இந்த வருசம் தண்ணி நல்லா விழுதாம்லா. போன தடவதான் ஒங்களுக்குக் குளிக்கவே குடுத்து வைக்கல."

என் கூட்டாளிகள் மூன்றே நாளில் திரும்பிப் போனதும், மிச்ச நாளெல்லாம் நான் வீட்டில் சும்மா கிடந்ததும் அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சி இருக்கும்போது தெரியாமல் எப்படி இருக்கும்? தெரிந்துதான் இத்தனை நாளும் எனக்கு முன்னால் தேடி எடுத்துச் சாமானைக் கவுன்டரில் வைத்திருக்கிறார்.

"அக்கா, அன்னைக்கு நான்..." என்றேன்.

"ஆள் நிக்காரு, பாருங்க," என்றார்.

சேற்றுக் காலோடு ஒருவர் நின்றிருந்தார். ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதாம், வண்டி வயலுக்குள் நிற்கிறதாம். நான் கம்ப்யூட்டரில் தேடினேன். அக்கா எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மேனேஜர் அந்த இரண்டு விண்ணப்பங்களையும் உடனே ரத்து செய்யவில்லை. இருக்கட்டும், ஒருவேளை அங்கே மனம் மாறினாலும் மாறும் என்று பதிவேட்டில் அப்படியே விட்டிருந்தார். அந்த வருஷம் மலையில் அளவாக மழை பெய்தது. ஒருநாள்கூடத் தடை போடவில்லை. தினமும் அவர் ஈரத்தலையோடு வந்தார். பதிவேட்டின்படி அக்கா முப்பது நாளும் லீவில் இருந்தார். அந்த முப்பது நாளும் நாங்கள் இரண்டு பேரும் கவுன்டரில்தான் உட்கார்ந்திருந்தோம்.